பில்லில் இல்லாத புதுச்சேரி

போக்குவரத்து அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் அன்று நின்றவர்கள் இரண்டு பேர்: லாத்தாவும் நானும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனாவும் கையுமாக ஓர் அம்மாள். வெளியே மரத்தடியில், சீட்டின் மேலிருந்த பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்காத மின்சார ஸ்கூட்டர். வராதவர்கள்: ஷார்ஜாவில் வேலையில் இருந்த லாத்தாவின் கணவர், வண்டியை இணையத்தில் விற்ற கம்பெனிக்காரர், அவர் எங்களுக்கு எப்போதுமே ஃபோனில் வரும் ஒரு குரல்தான், அப்புறம், பில்லில் இருந்திருக்க வேண்டிய ஒரு சொல். புதுச்சேரி.

அந்த அம்மாள் பில்லை ஒருமுறை பார்த்தார். விற்பனைச் சான்றைப் பார்த்தார். இன்சூரன்ஸ் தாளைப் பார்த்தார். மூன்றையும் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“பேரு சரியா இருக்கு. தெரு சரியா இருக்கு. காரைக்கால்னும் இருக்கு. அதுக்குக் கீழ தமிழ்நாடுன்னு இருக்கேம்மா. காரைக்கால் எப்பங்க தமிழ்நாட்டுக்குப் போச்சு?”

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். லாத்தா தாளை எடுத்து அந்த வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

லாத்தா என்றால் அக்கா. எனக்கு அவர் எந்த வகையிலும் உறவில்லை. நான் விழிதியூர்க்காரன், அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரியையும் பார்த்த முதல் ஆள் நான். காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை கிடைத்தது. அதே லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர் அவர். நாற்பதை நெருங்கும் வயது. லேபில் ஓனர் உட்பட எல்லோருக்கும் அவர் லாத்தாதான். பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதி, ஓர் எழுத்து முன்பின்னாகிவிட்டால் நாளைக்குக் காலையில் எனக்கு ஃபோன் வரும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற லேப்காரர்கள் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் குத்துவார்கள். லாத்தா அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. “வலிக்கும். மூணு எண்ணுற வரைக்கும் வலிக்கும். அதுக்கப்புறம் இல்ல,” என்பார். குழந்தைகள் அழுதுகொண்டே மூன்று எண்ணும். மூன்றில் உண்மையாகவே வலி நின்றிருக்கும். அடுத்த தடவை அந்தக் குழந்தைகள் வேறு யாரிடமும் கையை நீட்டாது.

உள்ளதைச் சொல்வது அவருக்கு ஒரு கொள்கை என்றெல்லாம் இல்லை. மற்றவர்களுக்கு மூக்கில் மச்சம் இருப்பது மாதிரி அவருக்கு அது இருந்தது. யாராவது ஃபோனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நாமெல்லாம் வந்துகொண்டே இருக்கிறோம். அவர் “இன்னும் கிளம்பல” என்பார். நாளைக்கு ஏழு மணிக்கு வருவேன் என்றால் கூடவே இன்ஷா அல்லாஹ் சொல்வார். அதை வாய்ப்பழக்கமாக அல்லாமல், பஸ் வராமலும் போகலாம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கும். தருமபுரத்தில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், வெறும் வயிற்றில்தான் இருக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். லாத்தா ஊசியை எடுக்காமல், காபி குடித்திருக்கிறீர்கள், நாளைக்கு வருகிறேன் என்று பெட்டியை மூடினார். சர்க்கரை போடாமல்தான் குடித்தேன் என்று அவர் வாசல் வரை வந்து வாதாடினார். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு காத்திருந்தார்.

ரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயில் பெயரை எழுதி ஒட்டுவதற்கு முன்னால், படுத்திருப்பவர் தன் வாயால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அது அவர் சட்டம். ஒருமுறை சொந்த மாமியாருக்கே ரத்தம் எடுக்கப் போய், “பேர் சொல்லுங்க மாமி” என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருஷமா எங்கூட ஒரே வீட்டுல இருக்கா, பேர் தெரியலயாம் இவளுக்கு என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். ஆனால் பெயரைச் சொன்ன பிறகுதான் ஊசி இறங்கியது.

எனக்கும் ஒரு குத்து விழுந்திருக்கிறது. வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்க நான் அடித்து வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தவர், ஆங்கிலம் சரளமாக வரும் என்ற வரியில் விரலை வைத்தார். “வருமா தம்பி?” என்று கேட்டார். கேலி இல்லை, கேள்விதான். எழுத வரும், பேச வராது என்றேன். அப்படியென்றால் அப்படியே போடு என்றார். போட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வண்டிக் கதைக்கு வருகிறேன். லாத்தா பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அம்பகரத்தூர் பக்கம் நிறைய வீடுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். காலை பஸ்ஸை நம்பினால் எடுத்த ரத்தம் லேபுக்கு வந்து சேர நேரமாகிவிடும். ஓனர் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வீடு போய் எடுக்கிற வேலை சொந்த வண்டி வைத்திருப்பவருக்குத்தான். பதிவு எண்ணும் ஆர்.சி. நகலும் கொடுத்தால் லாத்தாவுக்கு. இல்லாவிட்டால் பைக் வைத்திருக்கும் ஒரு பையன் தயாராக இருக்கிறான். லாத்தாவின் மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். ஷார்ஜாவிலிருந்து வரும் பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது.

வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே அவர் பழகி, எட்டுப் போட்டுக் காட்டி, லைசென்ஸ் எடுத்துவிட்டார். பிறகு விசாரித்தார். கடைத்தெருவில் வண்டிக் கடை வைத்திருந்த ஒருவர், லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத மின்சார வண்டி இருக்கிறது, சட்டப்படி அதற்குப் பதிவே கிடையாது என்றார். இருபத்தைந்தில் அம்பகரத்தூர் போய் வருவதற்குள் ரத்தம் தயிராகிவிடுமே என்று லாத்தா யோசித்தார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ஒரு வயரைக் கழற்றிவிட்டால் நாற்பத்தைந்து போகும், யாருக்கும் தெரியாது என்றார்.

“அப்ப அது இருபத்தஞ்சுல போற வண்டி இல்லியே,” என்று சொல்லிவிட்டு லாத்தா வெளியே வந்துவிட்டார்.

கடைசியில், முறையாகப் பதிவு செய்ய வேண்டிய வண்டியையே வாங்குவது என்று முடிவாயிற்று. அந்தக் கம்பெனிக்குக் காரைக்காலில் கடை இல்லை. இணையத்தில் பணம் கட்டினால், பில், விற்பனைச் சான்று, இன்சூரன்ஸ், தற்காலிகப் பதிவு எல்லாவற்றோடும் வண்டியை வீட்டில் இறக்கிவிடுவார்கள். நிரந்தரப் பதிவை மட்டும் நம் ஊர் அலுவலகத்தில் நாம் செய்துகொள்ள வேண்டும். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில், லேப் கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. ஆட்சிக்கு நாங்கள் புதுச்சேரி. சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனால் தபாலுக்கு நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள். பக்கத்து ஊர்களின் பின்கோடு எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதே எண்ணில்தான் எங்கள் பின்கோடும் தொடங்கும். அதனால் எந்தப் படிவத்தில் பின்கோடை அடித்தாலும், மாநிலம் என்ற கட்டம் தானாகவே தமிழ்நாடு என்று நிரப்பிக்கொள்ளும். காரைக்காலில் கம்ப்யூட்டரைத் தொட்ட எவனும் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போய் மாற்றப் பழகியிருப்பான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதை மாற்றிக் கொடுத்தவன் நான். படித்த புள்ள என்று என் வீட்டு வாசலில் ஆதார் அட்டையோடு வந்து நிற்பார்கள்.

அன்று மாற்றவில்லை. வண்டியின் நிறம் நீலமா சாம்பலா என்று பேசிக்கொண்டிருந்தோம். மறந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருக்கும். எல்லாம் சரியா என்று லாத்தா கேட்டார். சரி லாத்தா என்றேன். அவர் ஃபோனில் வந்த எண்ணைப் போட்டு, பணம் செலுத்து என்ற பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்தினார். தன் பணத்தைத் தானே அனுப்ப வேண்டும் என்பதும் அவர் சட்டம்.

அப்படித்தான் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றோம். பில்லும் சான்றும் இன்சூரன்ஸும் புதுச்சேரி என்று திருத்தி வர வேண்டும், வந்தால் அன்றைக்கே பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் தன்மையாகவே சொன்னார். தற்காலிகப் பதிவு மாதக் கடைசியோடு முடிகிறது. பதினாறு நாள் இருந்தது.

வெளியே வந்ததும் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டவர், இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றார். “நாகூர்ல சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்கள்ல? அவங்க வீட்டுல வாடகைக்கு இருக்கறதா ஒரு ஒப்பந்தம் போட்டா போதும். பில்லுல இருக்கற மாதிரியே தமிழ்நாட்டு நம்பர் வாங்கிரலாம். நாலு நாள்.”

நாகூர் தமிழ்நாடு, எங்களுக்கு எல்லை தாண்டினால் அடுத்த ஊர். லாத்தாவின் தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது.

“தங்கச்சி இருக்கா. நான் அங்க இல்லியே,” என்றார் லாத்தா.

புரோக்கர் என்னைப் பார்த்தார், நீயாவது எடுத்துச் சொல்லப்பா என்கிற மாதிரி. நான் சொன்னேன். வண்டி ஓரம் நின்று கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஒரு தாள்தானே லாத்தா, யாருக்கு நஷ்டம் என்றேன். என் தவறு மறைந்துபோக அதைவிடக் குறுக்குவழி இல்லை.

அவர் கோபப்படவில்லை. “நான் குழாய்ல பேர் எழுதி ஒட்டுறவ தம்பி. ஒட்டுனது மாறிப்போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ரோட்டுல எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நம்பரைப் பாத்துட்டு நாகூருக்குப் போயில்ல கதவத் தட்டுவாங்க,” என்றார்.

மறுநாள் லேபில் பேச்சு எழுந்தது. வண்டி வந்துவிட்டதே, நம்பர் எங்கே என்று ஓனர் கேட்டார். முகவரியில் தப்பு என்றதும், யார் செய்த தப்பு என்று கேட்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான், முப்பத்தேழு வயதுப் பெண் ஒருவரின் ரிப்போர்ட்டில் வயதை எழுபத்து மூன்று என்று அடித்துவிட்டேன். இன்னொரு தடவை கவனமில்லாமல் அடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று ஓனர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்ததே அந்த வேலையால்தான். அப்பா அந்தச் சம்பளத்தை நம்பிக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்.

லாத்தாவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

“நான்தான் சார் பாக்காம அழுத்திட்டேன்,” என்றார் அவர்.

ஓனர் ஆச்சரியமாக அவரைப் பார்த்தார். நீங்களா என்றார். ஆமா சார், நான்தான் என்றார் லாத்தா. ஓனர், ஒன்றாம் தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் எழுந்தவன் உட்காரத் தெரியாமல் நின்றேன். அவர் ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாத்தாவும் பொய் சொல்வார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நன்றியோடுதான் நினைத்தேன், கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கம்பெனிக்கு ஃபோன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கால்மணி நேரம் போகும். மூன்றாம் நாள் ஒரு பெண் கிடைத்தார். மாநிலம் மாறினால் வரியே மாறும், பழைய பில்லை ரத்து செய்து புதிது போட வேண்டும், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். நான் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் இணையதளத்தின் கோளாறினால் என்று ஆரம்பித்தேன். லாத்தா வாசித்துக் காட்டச் சொன்னார்.

கேட்டுவிட்டு, அது தானாகத் தமிழ்நாடு என்று போட்டது நிஜம்தான், நாம் பார்க்காமல் விட்டதும் நிஜம்தானே, இரண்டையும் எழுது என்றார். நம் தப்பு என்று எழுதினால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்றேன். விரித்தால் அப்போது பார்ப்போம் என்றார். இரண்டையும் எழுதினேன்.

கடிதம் போய் இரண்டு நாளில் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். அவருக்கு ஒரு சிக்கல். வாடிக்கையாளர் தவறு என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், கம்பெனி தவறு என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். இந்தக் கடிதத்தை எதில் போடுவது என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்களாம்.

“ரெண்டு பெட்டி இருந்தா ரெண்டுலயும் போடுங்க,” என்றார் லாத்தா.

ஃபோனில் அந்தப் பெண் சிரித்தது எனக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் தானாகவே கூப்பிட்டு, இன்றைக்கு இந்த மேசையில் இருக்கிறது, நாளைக்கு அந்த மேசை என்று சொன்னார். லாத்தாவின் வியாதி அவருக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ, ஒருநாள், “இன்னிக்கு ஒண்ணும் நடக்கலைங்க” என்று சொல்வதற்காகவே கூப்பிட்டார்.

நாள்கள் போயின. லாத்தா தினமும் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில்தான் போனார். தற்காலிகப் பதிவில் வண்டியை ஓட்டலாமே என்றேன். தெருவில் பழகுவதற்கு ஓட்டுவேன், நம்பர் வராமல் வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றார். மாலையில் சார்ஜ் போட்டு, தெருக்கோடி வரை போய்த் திரும்புவார். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு சார்ஜ் இறங்குகிறது என்று மட்டும் கவனித்து வைத்துக்கொண்டார். பைக் பையன் ஒருநாள் லேபுக்கு வந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதே என்றான். லாத்தா, முதல் ஒரு வாரம் தோள் வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று அவனுக்கும் உள்ளதைச் சொன்னார். சொன்ன பிறகு பெட்டியை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. நான் உறையைப் பிரித்து, பெயரைப் பார்க்கவில்லை, விலையைப் பார்க்கவில்லை, நேராக அந்தக் கட்டத்துக்குப் போனேன். புதுச்சேரி. விற்பனைச் சான்றிலும் புதுச்சேரி. திருத்திய இன்சூரன்ஸ் மறுநாள் மெயிலில் வந்தது, அதிலும் புதுச்சேரி. நான் படித்துக் காட்டியபோது அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன லாத்தா, உடனே தாளை வாங்கி முதல் வரியிலிருந்து தானும் ஒருமுறை வாசித்தார். இந்தத் தடவை நான் சொன்ன சரியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வருத்தமில்லை.

கவுண்டர் அம்மாள் தாள்களைப் புரட்டி, வாங்க, காரைக்கால் திரும்பி வந்துருச்சு என்றார். ஆய்வாளர் வெளியே வந்து, குனிந்து, வண்டியின் அடியில் பொறித்திருந்த எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். லாத்தாவும் கூடவே குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரே ஜாதி என்று தோன்றியது. மாதக் கடைசி நாள் மத்தியானம், புதுச்சேரிக்கான எழுத்துகளில் தொடங்கும் நம்பர் பிளேட்டை வண்டியில் பொருத்தினார்கள். ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு லாத்தா அம்பகரத்தூர் புறப்பட்டார். ஒன்பது மணிக்கு முதல் குழாய்கள் என் மேசைக்கு வந்தன. ரத்தம் தயிராகவில்லை.

நான் இப்போது புதுச்சேரியில் வேறு வேலையில் இருக்கிறேன். லாத்தாவும் காரைக்காலில் இல்லை. கணவர் திரும்பி வந்ததும் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது வண்டியை விற்றார். வாங்க வந்தவரிடம், ஒரு சார்ஜில் எழுபது கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொல்லும், ஐம்பத்திரண்டுதான் போகும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை என்று சொன்னாராம். அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாராம். படிவத்தில் பின்கோடு அடிக்கும்போதெல்லாம் என் விரல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

அந்த ஒன்றாம் தேதி சாயங்காலம், நான் கிளம்பும்போது லாத்தா கூப்பிட்டார். ஓனரிடம் எனக்காக அப்படிச் சொன்னதற்கு நன்றி சொல்ல அதுவரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. எனக்காகப் பொய் சொன்னீங்களே லாத்தா என்று ஆரம்பித்தேன்.

“பொய் எங்க சொன்னேன்? அழுத்துனது நான்தானே. நீ அடிச்சதப் பத்தி அவரு கேக்கல,” என்றார்.

பிறகு, கூரியர், இன்சூரன்ஸ் திருத்தக் கட்டணம், ஜெராக்ஸ், இரண்டாம் தடவை அலுவலகம் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபாய் ஆயிற்று என்றார். முழுவதையும் நானே தந்துவிடுகிறேன் என்றேன்.

“எதுக்கு முழுசு? அடிச்சது நீ, அழுத்துனது நான். பாதிப் பாதி.”

அறுநூறு ரூபாய் கொடுத்தேன். பர்ஸைத் துழாவி, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். அந்த ஒரு சொல்லை வரவழைக்க எங்களுக்கு ஆன செலவு, ஆளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்.